விட்டுப்போச்சு, விட்டுட்டேன்

என் நிகழ்ச்சியில் பேசியவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பழைய வேலையை எப்ப மாத்துனீங்க, எதுக்காக மாத்துனீங்க?"

ஒருவர்கூட நேராகப் பதில் சொன்னதில்லை. நெல்லிக்குப்பத்தில் கரும்பு லோடு டிராக்டர் ஓட்டியவர் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். "எங்க மாத்துனேன், அதுவா மாறிடுச்சு" என்றார். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து கடலூர் முதுநகரில் தையல் கடை போட்டவர், "அப்படியே அமைஞ்சிடுச்சும்மா" என்றார். 'நானே மாத்துனேன்'னு ஒரு தடவை சொல்லுங்களேன் என்பேன், சொல்வார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அந்த அமைஞ்சிடுச்சுகளையும் மாறிடுச்சுகளையும் வெட்டி எறிவேன். அரை நொடி வெட்டினால் போதும், ஒரு மனிதர் தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்தவராகிவிடுவார். கேட்க நன்றாக இருக்கும்.

இது 2011இல். இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு கால் சென்டரில் பதினோரு மாதம் இருந்துவிட்டு, சிதம்பரம் திரும்பியிருந்தேன். 'வேலையை மாற்றியவர்களின் கதைகள்' என்று இணையத்தில் ஒரு பாட்காஸ்ட் ஆரம்பித்தேன். அந்தச் சொல்லைப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். "பாட்டு போடுவியா?" என்பார்கள். இல்லை, பேச்சு மட்டும்தான், ரேடியோ மாதிரி, ஆனால் நெட்டில் என்பேன். "எந்த ஸ்டேஷன்?" ஸ்டேஷன் கிடையாது. "அப்ப யார் கேப்பாங்க?"

பதிவு செய்ய உள்ளங்கை அளவு ரெக்கார்டர் ஒன்று இருந்தது. கரண்ட் இருக்கும் மணி நேரங்களைக் கணக்குப் பார்த்து எடிட் செய்யவேண்டும். பிறகு கீழ வீதி பிரவுசிங் சென்டருக்குப் போய் ஏற்றவேண்டும். முக்கால்வாசி ஏறியிருக்கும்போது கரண்ட் போகும். வந்ததும் முதலிலிருந்து. ஒரு நிகழ்ச்சி ஏறி முடிவதற்குள் அதில் பேசியவர் மறுபடி வேறு வேலைக்கு மாறியிருப்பார் என்று சென்டர்காரர் கிண்டலடித்தார். ஒரு முறை அது உண்மையாகவே நடந்தது.

ஏழாவதாகப் பேசியவர்தான் மாவு அண்ணன். கடலூர்ப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பல வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். முதுநகரில், அதாவது உள்ளூர்க்காரர்கள் சொல்லும் ஓ.டி.யில், வீட்டு முன்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்றுக்கொண்டிருந்தார். சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய், வேர்த்து வழிய அவர் வாசலில் இறங்கினேன்.

"பாட்காஸ்ட்டா? நாங்க இன்னா காஸ்ட்டுன்னு கேக்க வந்துருக்கியா?" என்றார்.

"அய்யோ, அது இல்லண்ணே."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "படிச்ச பொண்ண வெச்சு வாசல்லயே ஓட்டிக்கினு இருக்காத. உள்ள வா பாப்பா. அவுருக்கு வாய் ஜாஸ்தி, வேல கம்மி."

"ரெண்டு கிரைண்டரும் யார் கழுவுறது, உங்கப்பனா?" என்றார் அவர்.

ரெக்கார்டரை மாவுப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் வைத்து என் கேள்வியைக் கேட்டேன். அவர் ஒரு பாக்கெட்டை ரப்பர் பேண்டால் கட்டி வைத்தார். பிறகு சொன்னார்: "வேல வுட்டுப்போச்சும்மா. ஒருநாள் ஷிப்ட்டுக்குப் போறேன், கேட்ல நிறுத்திட்டாங்க. பேரு இல்லன்ட்டாங்க. லேபர் ஆபீஸ்ல கேஸு நடக்குது. கூப்புடுவாங்க, போய்டுவேன்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வேலையை மாற்றியவர்களின் கதைகளில், திரும்பிப் போகக் காத்திருப்பவருக்கு என்ன இடம்? சிதம்பரத்திலிருந்து வந்ததே வீண் என்று தோன்றியது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அண்ணே, அதையே 'வேலைய வுட்டுட்டேன்'னு சொல்லிப் பாருங்க. கேக்குறதுக்கு அழுத்தமா இருக்கும்."

"அப்படியா? செரி." தொண்டையைச் செருமினார். "வேலைய வுட்டுட்டேன். மாவு கடை ஆரம்பிச்சேன். போதுமா?"

"சூப்பர்ணே."

வீட்டுக்கு வந்த பெண் கேட்கிறாள், மறுப்பானேன் என்றுதான் சொன்னார். அவர் வீட்டுக் காப்பியைப் போல அதையும் எடுத்துக் கொடுத்தார். நான் கேஸை வெட்டினேன், கேட்டை வெட்டினேன். நிகழ்ச்சியின் பக்கத்தில் அறிமுகமாக எழுதினேன்: 'கம்பெனி வேலையை உதறிவிட்டுச் சொந்தத் தொழிலுக்கு வந்தவர்.' உதறிவிட்டு என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரெக்கார்டரில் இடம் வேண்டும் என்று, எப்போதும் செய்வதுபோல, வெட்டாத மூலப் பதிவை அழித்தேன்.

அவருடைய பெண் அதை டியூஷன் டீச்சரின் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாளாம். அண்ணன் போன் செய்து சொன்னபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. யாரோ கேட்கிறார்கள்!

இரண்டு மாதம் கழித்து மறுபடி போன் வந்தது. குரலில் கிண்டல் இல்லை.

"பாப்பா, நீ எழுதுனத கம்பெனி வக்கீலு பிரிண்ட் எடுத்தாந்துட்டாரு. நான் பேசுனதயும் செல்லுல போட்டுக் காட்டுனாரு. நானாத்தான் வுட்டுட்டுப் போனேன்றதுக்கு எவிடென்ஸாம்."

அவரே தொடர்ந்தார். "நானா போனேனா, அவுங்க நிறுத்துனாங்களா, கேஸே அதாம்மா. வேற இன்னா இருக்குது அதுல?"

அன்று சாயங்காலம் அவர் பேசிய நிகழ்ச்சியை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன ஆகப்போகிறது, பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. பிறகு ரெக்கார்டர், கம்ப்யூட்டர், மூன்று சிடி எல்லாவற்றையும் தேடினேன். எங்கே அழித்தேன் என்று எனக்கே தெரியும், இருந்தும் தேடினேன். நான் அழித்ததில் 'வுட்டுப்போச்சு' என்ற ஒரு சொல் இருந்தது. அவர் கம்பெனிக்குள் திரும்பிப் போவதற்கு அந்த ஒரு சொல்தான் வழி.

அடுத்த வாய்தாவுக்கு நானும் போனேன். லேபர் ஆபீஸில் ஒரே பெஞ்சில் கம்பெனி வக்கீல், மாவு அண்ணன், அவர் மனைவி, நான் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மனைவி என்னிடம் பேசவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி களைத்துப்போன மனிதர். மேசையில் என் அறிமுகம் பிரிண்டாகக் கிடந்தது, 'உதறிவிட்டு'க்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

அவர் மாவு அண்ணனைக் கேட்டார். "செல்லுல கேட்டது உங்க குரலா?"

"எங்குரல்தான் சார்."

"வேலைய விட்டுட்டேன்னு சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன் சார்." என்னைக் கைகாட்டவில்லை. அவர் கைகாட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் எழுந்து, சொல்லச் சொன்னது நான்தான் என்றேன். வக்கீல் சிரித்தார். "சார், இவங்க சொல்லச் சொன்னா யாராவது இல்லாதத சொல்வாங்களா?"

சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆறு பேரும் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு ஏன், நானே சொல்லியிருந்தேன். கால் சென்டரில் எங்கள் குழுவையே மூடிவிட்டார்கள். ஊருக்கு வந்து எல்லோரிடமும், வீட்டில்கூட, பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பொய்யைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஒவ்வொருவர் வாயிலும் வைத்துக்கொண்டிருந்தேன் போல.

"முதல்ல சொன்ன பதிவு எங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை சார்."

"இல்லைன்னா? அழிஞ்சுபோச்சா, அழிச்சீங்களா?"

அழிஞ்சுபோச்சு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மெமரி கார்டு கெட்டுவிட்டது, கரண்ட் போய்விட்டது, யாரும் நம்புவார்கள். அந்த வருஷம் கரண்ட் கட்டில் எல்லோர் வீட்டிலும் ஏதாவது அழிந்துகொண்டுதானிருந்தது.

"அழிச்சேன் சார்."

"எழுதிக் குடுங்க."

வெள்ளைத்தாள் வாங்கி, ஜன்னல் ஓரமாக நின்று எழுதினேன். அவர் முதலில் சொன்னது 'வேல வுட்டுப்போச்சு' என்று, அவர் சொன்னபடியே எழுதினேன். நான் சொல்லச் சொன்னது 'வேலைய வுட்டுட்டேன்' என்று அதற்குக் கீழே எழுதினேன். உதறிவிட்டு என்பது என் சொல், அவருடையது இல்லை. மூலப் பதிவை இடத்துக்காக நான் அழித்தேன். கையெழுத்து. அங்கிருந்த கிளார்க் எட்டிப் பார்த்து, "வுட்டுப்போச்சுன்னு எழுதக்கூடாதும்மா, பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்னு போடு" என்றார். போடமாட்டேன் என்றேன். இன்னொரு தடவை அவர் பேச்சைத் திருத்தும் தெம்பு எனக்கு இல்லை.

அதிகாரி என் தாளையும் அந்தப் பிரிண்ட்டையும் ஒரே குண்டூசியில் குத்தி ஃபைலில் வைத்தார். சமரசம் ஆகவில்லை, கேஸ் கோர்ட்டுக்குப் போகும் என்றார். எது எதைவிடக் கனமான தாள் என்று அங்கே இனி வேறு யாரோ முடிவு செய்வார்கள்.

வெளியே வந்ததும் மாவு அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிருந்தா அந்த ஆளு ஒண்ணும் கேட்டுருக்க மாட்டாருல்ல?"

"ஆமாண்ணே."

"ம்" என்றார். நிழலைத் தேடிப் போய் நின்றார்.

அவர் மனைவி அப்போதுதான் என்னிடம் பேசினார். "ஓ.டி. வழியாத்தான போற? எறங்கி மாவு வாங்கிட்டுப் போ. மத்தியானம் கரண்ட் போறதுக்குள்ள அரைக்கணும், சீக்கிரம் வா."