எல்மர் ஹாஸ்கெட்டின் தன்னந்தனிப் பயணம்

கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் டாசன் ஊரில் எல்மர் ஹாஸ்கெட்டைப் போலத் தனிமையை விரும்பும் மனிதர் வேறு யாருமில்லை. இதை அவரே தினமும் தபால் நிலைய வாசலில், போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மனைவி இறந்த பிறகு ஆற்றங்கரை மரவீட்டில் ஒற்றை ஆளாக வாழ்ந்தார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. சென்ற பனிக்காலத்தில் விறகுக் குவியலருகே வழுக்கி விழுந்ததைக் கேள்விப்பட்டதும், வைட்ஹார்ஸ் நகரத்து அடுக்குமாடியில் இருக்கும் மகள் லோரெட்டா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

"இனிமே தனியா இருக்கக் கூடாதுப்பா. இங்க வந்துடுங்க. லிஃப்ட்கூட இருக்கு."

"லிஃப்ட்ல ஏறி எங்க போறது? உன் வீட்டுக்குத்தானே?"

வாக்குவாதம் முற்றி ஒப்பந்தமாயிற்று. ஜூன் மாதத்தில் டெம்ப்ஸ்டர் சாலை வழியாக, அது முடியும் வடகோடி ஊரான இனுவிக்வரை அவர் தனியாகவே ஓட்டிப்போய்த் திரும்ப வேண்டும். யார் உதவியும் கூடாது. ஜெயித்தால் மரவீடு, தோற்றால் லிஃப்ட்.

அந்தச் சாலையில் சரளை உண்டு, கரிபூ மான்கள் உண்டு, கொசு தாராளமாக உண்டு. தொலைபேசி சிக்னல் கிடையாது. நிற்கிற வண்டியைப் பார்த்து நிற்காமல் போகிற மனிதரும் கிடையாது. அப்படிப் போனவனோடு பிறகு யாரும் காபி குடிக்க மாட்டார்கள்.

எல்மர் முதலில் புதரோரம் ஒதுங்க நிறுத்தினார். ஒரு குடும்பமே இறங்கி நலம் விசாரித்தது. அடுத்த இடத்தில் டீயும் கருவாடுமாக உட்கார்ந்தபோது லாரி ஓட்டும் பெர்னிஸ் தலையை நீட்டினாள்.

"என்ன எல்மர் மாமா, வண்டி படுத்துருச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. டீ குடிக்கிறேன்."

"பிளாஸ்க்கைத் திறக்க ஆள் வேணுமா?"

"போடி! நான் தனியாப் பயணம் போறேன்."

"அப்படியா! எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

லாரி வயர்லெஸ்ஸில் சொல்லியும் விட்டாள். அதன்பின் தனியாகப் போகிறவரைப் பார்ப்பதற்கென்றே வண்டிகள் நின்றன.

பாதி வழியில் இருக்கும் ஒரே விடுதியில் அன்றிரவு தங்கினார். விடுதிக்காரன் டென்னி பெருமையாகச் சொன்னான்: "லோரெட்டா போன் பண்ணுச்சு. நீங்க எங்கெங்க நின்னீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."

வழியெல்லாம் வண்டி நின்றுபோனதாக அல்லவா மகள் நினைப்பாள்? மறுநாள் காலை வடக்கே கிளம்பிய எல்மர், டீ வேளை வந்ததும் ஒரு ராஜதந்திரம் செய்தார். சாலைக்குக் கல் எடுத்த பழைய பள்ளம் ஒன்றுக்குள், யார் கண்ணிலும் படாதபடி வண்டியை இறக்கினார். பரிபூரணத் தனிமையில் டீ குடித்தார். கிளம்பப் பார்த்தால் முன்சக்கரம் பாசிச் சேற்றில் பாதிவரை புதைந்திருந்தது. கூர்மையான பலகைக்கல் ஒன்று பின்டயரைக் கிழித்திருந்தது.

மேட்டில் ஏறிக் கையசைத்தால் போதும். ஆனால் அசைத்தால் லிஃப்ட்.

கண்ணாடியை ஏற்றிவிட்டு, கொசுக்களை வெளியே நிறுத்தி, வண்டிக்குள் உட்கார்ந்தார். மேலே வாகனங்கள் போகும் சத்தம் கேட்டது. ஒன்றும் நிற்கவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட வரம் இதுதான். கிடைத்தபிறகு, ஒவ்வொரு சத்தத்துக்கும் கழுத்தை நீட்டி மேட்டைப் பார்த்தார்.

அதே நேரம், வடக்கேயிருந்து திரும்பும் வழியில் பெர்னிஸ் விடுதிக்குள் நுழைந்தாள். "மாமா எங்க?"

"காலைலயே வடக்க போயாச்சே. நீ எதிர்ல பாக்கலையா?"

"இல்லையே."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருப்பது ஒரே சாலை. டென்னி கரண்டியைப் போட்டுவிட்டு லோரெட்டாவுக்குப் போன் செய்தான். பெர்னிஸ் லாரியைத் திருப்பினாள். அவள் பின்னால் சாலைப் பணியாளர்களின் வண்டிகளும் கிளம்பின. பள்ளத்துக்கு இறங்கும் சக்கரத் தடத்தைப் பார்த்தது அவள்தான்.

"மாமா! இங்க என்ன பண்றீங்க?"

"டீ குடிக்கிறேன்."

"நேத்து ஆரம்பிச்ச டீயா?"

எல்மர் மூக்கைச் சிந்திக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். பிறகு, "ரெண்டு வாய் மிச்சம் இருக்கு. குடிக்கிறியா?" என்றார்.

வண்டியை இழுத்தார்கள், டயரை மாற்றினார்கள், அவரை விடுதித் தொலைபேசியின் முன் உட்காரவைத்தார்கள்.

"தோத்துட்டேம்மா. பெட்டியைக் கட்டிடறேன்."

"வேண்டாம்ப்பா. நீங்க அங்கயே இருங்க."

"ஏன்?"

"ஆளே இல்லாத காட்டுல உங்களைக் காணோம்னு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள கண்டுபிடிச்சுட்டாங்க. இங்க எதிர்வீட்டுக்காரர் பேருகூட எனக்குத் தெரியாது. நான் ஆபீஸ் போனப்புறம் நீங்க விழுந்து கிடந்தா, சாயங்காலம்வரைக்கும் எவனும் எட்டிப் பாக்க மாட்டான்."

"அப்ப நான் ஜெயிச்சுட்டேனா?"

"தோத்துட்டீங்க. பரிசை மட்டும் வச்சுக்குங்க."

அன்று விடுதியில் சமைத்ததில் பெரும்பகுதியை எல்மரே சாப்பிட்டார். மறுநாள் மறுபடி வடக்கே கிளம்பி, இனுவிக்வரை தன்னந்தனியாகவே போய்த் திரும்பினார். வழியில் டீக்கு நிறுத்தியபோதெல்லாம், தூரத்திலிருந்தே தெரியும்படி சாலையோரமாக நிறுத்தினார். கிளம்புமுன் டென்னியிடம் அரை டஜன் கோப்பைகளை இரவல் வாங்கியிருந்தார்.