மச்சானோடு முங்கியது

என் மனைவியின் அண்ணனும் நானும் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரே வேலை பார்த்தோம். தண்ணீருக்குள் இறங்கிக் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சோதிக்கும் வேலை. ஒரே படகில் போவோம், பேச்சு கிடையாது. நான் டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர்கள் ஆலந்தலைக் கடற்கரைக் கத்தோலிக்கர்கள். அவர் தங்கையை நான் சர்ச்சுக்குப் போகாமல் ரெஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டதை அவர் மன்னிக்கவே இல்லை.

வெளிக்கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு பழைய நீராவிக் கப்பலைப் படமெடுத்துத் தரும்படி ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் கேட்டார்கள். ஆழம் அதிகம் என்பதால் இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். ஆபீசில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள்.

"கடைக்காரன் மவனை நம்பி முங்கச் சொல்லுதானுவ," என்று அவர் என் காதுபடவே படகோட்டியிடம் சொன்னார்.

மேலே வெதுவெதுப்பாக இருந்த தண்ணீர் பாதி ஆழத்தில் சட்டென்று குளிர்ந்தது. ரப்பர் உடைக்குள் அந்தக் குளிர் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. விரல்கள் மரத்துப்போயின. விளக்கு வெளிச்சத்தில் கப்பல் கருஞ்சுவராக எழுந்து நின்றது. கொதிகலனைப் படமெடுக்கத் திரும்பியபோது காலை ஏதோ இழுத்தது. கப்பலில் சிக்கிக் கிடந்த பழைய வலை. உதறினேன், முதுகிலிருந்த சிலிண்டரிலும் மாட்டிக்கொண்டது. கத்தி கைக்கு எட்டவில்லை.

அவர் பக்கத்தில்தான் இருந்தார். விளக்கை என் முகத்தில் அடித்தபடி அசையாமல் நின்றார். இந்த ஆள் என்னை இங்கேயே விட்டுவிட்டுப் போகப் போகிறான் என்று நினைத்தேன். பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. பிறகு கத்தியை உருவி, என்மேல் கை படாமல், வலையை மட்டும் அறுத்தார்.

உடனே மேலே ஏறிவிட முடியாது. ரத்தத்தில் கலந்த காற்று வெளியேறும்வரை நடுவழியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இருந்தது ஒரே கயிறு. வாயில் கடித்திருந்த காற்றுக்குழாயோடு எனக்குப் பற்கள் கிடுகிடுத்தன. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

படகில் ஏறியதும் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "மச்சான்..."

"எவம்லே ஒனக்கு மச்சான்? எந் தங்கச்சி தாலியறுக்கக் கூடாதுன்னு வலைய அறுத்தேன். ஒனக்காவன்னு நெனைக்காத."

"அப்ப எதுக்கு வெளிச்சத்த அடிச்சிக்கிட்டே நின்னிய?"

அவர் முகமூடியை வாளித் தண்ணீரில் அலசினார்.

"யோசிச்சேன்."

வீட்டில் சொன்னதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். "என்னத்தண்ணே யோசிச்ச?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள்.

மறுநாள் ஆபீசுக்குப் போய், இனி அவரோடு என்னை இறக்காதீர்கள் என்றேன். எனக்கு முன்பே அவரும் வந்து அதையேதான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.