பன்னிரண்டு இஞ்சா, பதிமூன்று இஞ்சா

டயர்க் கடைத் தொழிலில் வண்டி வருவதற்கு முன்னால் அதன் வியாதி வந்துவிடும், காது வழியாக. அன்றைக்கு விடிகிற நேரம். ரிங் ரோட்டிலிருந்து எங்கள் கடைக்குத் திரும்பும் வளைவில் 'சர்ர்க்… சர்ர்க்' என்று ஒரு சத்தம். வண்டி இன்னும் கண்ணில் படவில்லை. டயர் மட்கார்டில் உரசுகிறது, அளவு தப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இருபது வருஷமாக எனக்கு ராத்திரி டூட்டி. எட்டாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்தையே டயரின் பக்கவாட்டில் பார்த்துத்தான் படித்தேன். பகலில் படுத்தால் தூக்கம் வராது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு அளவுகளை யோசிப்பேன். குக்கருக்குக் காஸ்கெட் அளவு மாற்றி வாங்கிப்போய் வீட்டில் பேச்சு வாங்கியவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே சாதிசனம்.

அண்ணன் செருப்பு

வந்தது பழைய சிவப்புக் கார். மொத்தமே அறுநூற்றைம்பது கிலோதான் இருக்கும். அதன் காலில் பதிமூன்று இஞ்ச் வீலும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அகல டயரும். சின்னப் பிள்ளை அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினது போல இருந்தது. இறங்கி வந்தவள் கவிதா. ஆனையூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் ஆட்டோகிராஸ் பந்தயம். அதாவது, மைதானத்தில் கூம்புகளை நட்டு வைத்து ஒவ்வொரு வண்டியாக, ஆளுக்கு இரண்டு சுற்று விடுவார்கள். வளைந்து வளைந்து யார் சீக்கிரம் சுற்றி வருகிறார்களோ அவர்தான் முதல்.

"ரெண்டு தடவ போனேண்ணே, ரெண்டு தடவயும் கடைசி. இந்தத் தடவ மொத மூணு பேருக்குள்ள வரலேன்னா வண்டிய அக்கா வீட்டுக்காரருக்குக் குடுத்துருவேன்னு அப்பா சொல்லிட்டாரு. மச்சானுக்குப் பால் யாவாரம். இன்னும் பன்னெண்டு நாள்தாண்ணே இருக்கு" என்றாள். கண் கலங்கவில்லை, ஆனால் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். இந்த அகல டயரைப் போடச் சொன்னது யாரம்மா என்று கேட்டேன்.

"அகலமா இருந்தாத்தான் வண்டி பறக்கும்னு ஒருத்தரு சொன்னாருண்ணே. அவரு இன்னும் சைக்கிள்லதான் போறாரு."

வெங்காயத் தராசு

எனக்கு எதையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் கடையில் தராசு இல்லை. அதனால் ஒரு வீலைக் கழற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு காளவாசலில் வெங்காய மண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போனேன். டயரோடு பதினாலு கிலோ. அப்புறம் கவிதா வீட்டில் கழற்றிப் போட்டிருந்த, அந்த வண்டிக்கு ஆதியில் வந்த பன்னிரண்டு இஞ்ச் இரும்பு வீலையும் ஒல்லி டயரையும் வைத்தேன். பத்து கிலோ. ஒன்றுக்கு நாலு கிலோ மிச்சம், நாலுக்குப் பதினாறு.

பதினாறு கிலோ என்ன பெரிய எடை என்று கேட்பீர்கள். சீட்டில் உட்கார்ந்து வருகிற பதினாறு கிலோ வேறு, சுற்றுகிற பதினாறு கிலோ வேறு. ஒவ்வொரு கூம்பிலும் வேகத்தைக் குறைத்து மறுபடி எடுக்கும்போது அந்தச் சின்ன இஞ்சின்தான் அதையும் சுற்ற வேண்டும். சின்னச் சக்கரம் என்றால் வெடுக்கென்று கிளம்பும். இதை நான் கவிதாவுக்குப் போனில் விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர் வெங்காயத்துக்கு நின்றார்கள். மண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெங்காயம்னா சாக்குக்கு அரைக் கிலோ கழிப்பேன். இதுல எதக் கழிக்கணும்னு சொல்லிட்டு நகந்துக்கங்கண்ணே."

தோசைக்கல்

எங்கள் முதலாளி ஒரு வருஷமாகப் பதினாலு இஞ்சில் நாலு பளபளப்பு வீலைக் கடை முகப்பில் தொங்கவிட்டு, வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி காட்டி வருகிறார். விற்கவில்லை. கவிதாவைக் கண்டதும் அவருக்கு நம்பிக்கை பிறந்துவிட்டது. "பிள்ள பந்தயத்துக்குப் போகுதுய்யா. பெருசாப் போட்டு அனுப்பு" என்றார்.

கனமான வண்டி என்றால் அகல டயரைத் தரையில் அழுத்தும், டயர் சூடேறிப் பிடிக்கும். இது இறகு மாதிரி வண்டி, எதை வைத்து அழுத்தும் என்றேன். அவருக்கு ஏறவில்லை. சரி, சாப்பாட்டு வழியாகப் போவோம் என்று, "மொதலாளி, கரண்டி மாவு ஒண்ணுதான். கல்லு பெருசுன்னு தேச்சுக்கிட்டே போனா தோசை பெருசாகும், ஆனா மெல்லிசாப் போயிருமே" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மெல்லிசாப் போனாத்தான்யா முறுகலா வரும்."

பால் கேன்

பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் பன்னிரண்டு இஞ்ச் வீல்களை மாட்டி, காற்றை முன்னும் பின்னும் நானே அளந்து வைத்து, வண்டியைத் தயாராக நிறுத்தியிருந்தேன். அப்போது கையில் இஞ்ச் டேப்போடு ஒருவர் வந்து பின்கதவைத் திறந்தார். அக்கா வீட்டுக்காரர், செல்லப்பாண்டி. கவிதாவைப் பரிசோதனைக் கூடத்தில் விட்டுவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிப்போக வந்தவர். பின்சீட்டைக் கழற்றினால் நாலு கேன் நிற்குமா, சின்ன டயர் லோடு தாங்குமா என்று ஒரே கேள்வி.

நல்ல மனுஷர்தான், குரலில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. "வண்டி இன்னும் உங்களுக்கு வரலையே" என்றேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார்.

"பொண்ணப் பேசி முடிச்சாச்சு, சேல எடுக்கக் கூடாதாண்ணே?"

கூம்பும் வாலும்

மைதானம் பேரையூர்ப் பக்கம், கெட்டித்துப்போன மண்தரை. ராத்திரி டூட்டி முடித்த கையோடு பஸ் ஏறிப் போனேன். கவிதாவின் அப்பாவும் செல்லப்பாண்டியும் வேலி ஓரமாக நின்றார்கள். கவிதா கிளம்பினாள். முதல் கூம்பிலேயே வண்டியின் வால் வெளியே வீசுகிறது. இரண்டாவது கூம்பிலும் அதே வீச்சு. என் அளவு தப்பிவிட்டது, வண்டி போச்சு என்று முடிவுகட்டிவிட்டேன். சுற்றி முடித்து அவள் இறங்கியதும் ஓடிப்போய்ப் பின் டயரை அமுக்கினேன். கருங்கல். அளந்தால், நான் இருபத்தாறு பவுண்டு காற்று வைத்த இடத்தில் நாற்பது!

"நாந்தாண்ணே" என்றார் செல்லப்பாண்டி. "நேத்து சாயந்தரம் நாலு கேன ஏத்தி ஒரு ரவுண்டு பாத்தேன். பின்னாடி லோடுல்ல, பெட்ரோல் பங்க்ல நாப்பது அடிச்சேன். எறக்க மறந்துட்டேன்." நான் பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை இறக்கக் குனிந்தேன். மைக்கில் நேரத்தைச் சொன்னார்கள். கவிதா மூன்றாவது. எப்போதும் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் மூக்கு திரும்பாமல் நேரே ஓடுகிற வண்டி, பின் டயர் கல்லாகிப் பிடி விட்டதால் வாலை வீசித் தானாகத் திரும்பியிருக்கிறது. "அண்ணே, கைய எடுங்க!" என்று கத்தினாள்.

அடுத்த சுற்றிலும் கையை எடுத்துக்கொண்டுதான் நின்றேன். கடைசி வரை அவளை மூன்றிலிருந்து யாரும் இறக்கவில்லை. அப்பா வேலியைத் தாண்டி அவளிடம் வந்து, "சொன்னா சொன்னதுதான். நீயே வச்சுக்க" என்று மட்டும் சொன்னார். சின்னச் சக்கரம் இல்லாவிட்டால் நாற்பது காற்று வைத்தும் நடந்திருக்காது என்று நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. எல்லாரும் செல்லப்பாண்டியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவரோ வண்டியையே ஏக்கமாகப் பார்த்துக்கொண்டு கவிதாவிடம் சொன்னார்:

"என் வாயில நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன். அடுத்த பந்தயத்துக்கும் நானே வந்து காத்து அடிச்சுத் தாரேன் தாயி."

பன்னிரண்டு நாள் தூங்காமல் நான் கண்டுபிடித்த அளவைவிட ஒரு பால்காரரின் மறதி உசத்தி என்று தெரிந்துகொண்டு, மறுநாள் டூட்டிக்கு வந்து, ஒரு ஷேர் ஆட்டோவின் டியூபைத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன்.