எதிராளியின் ஷூவை ஒட்டிய கை

பெரியவளே, சின்னவனே, இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் எதிர்வீட்டுப் பையனின் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தான். எதற்கென்றால், எங்கேயோ வெளிநாட்டில் ஆடுகிற ஒரு ஃபுட்பால் கிளப்புக்காக. "அவனுங்க கிளப்புக்கு கிளாஸே இல்லப்பா, நம்மளுது தான் கிளாஸ்" என்றான். பெரியவளும் தலையாட்டினாள். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. அது ஒரு குற்றமில்லை. என் கிளப் எங்கள் தெருக்கோடியில்தான் இருந்தது. ஆனாலும் அதை நான் சரியாகத் தெரிந்துகொள்ள ஒரு சாயங்காலம் முழுக்க அடி வாங்க வேண்டியிருந்தது.

உங்கள் மாமாவுக்கு இடது கை தோளுக்கு மேலே போகாது. கேட்டால் பைக்கிலிருந்து விழுந்தேன் என்பான். அது பொய். உண்மையை நான் சொல்கிறேன்.

பெரியவள் அப்போது கைக்குழந்தை. நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிற இடத்தில் வேலை செய்தேன். மாமா எங்கள் கிளப்புக்கு கோல் கீப்பர். அக்கா புருஷன் என்று அவனும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கிளப். அவர்களை நாங்கள் அக்கரைக்காரர்கள் என்போம், அவர்களும் எங்களை அப்படியே சொல்வார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் நடுவில் எல்லை. வராத காலத்தில் மணலில் நடந்து போய் அடித்துவிட்டு வருவோம், அடி வாங்கிக்கொண்டும் வருவோம். "அக்கரை மாப்பிள்ளைக்குப் பொண்ணு குடுத்தாலும் குடுப்போம், கார்னர் குடுக்க மாட்டோம்" என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. ஒரு முறை எங்கள் வேன் பாலத்தில் வரும்போது கல் விட்டார்கள். டிரைவரின் காது இரண்டாகப் பிளந்தது. மறு வாரம் எங்கள் ஆட்கள் அவர்களுடைய கோல் வலையை அறுத்துக் கொளுத்தினார்கள். யார் தொடங்கினது என்று இரண்டு பக்கமும் வேறு வேறு கணக்கு வைத்திருந்தது.

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் டோர்னமெண்ட். ஃபைனலில் எங்களுக்கும் அவர்களுக்கும் மேட்ச் விழுந்தது. ஒரு பள்ளிக்கூட மைதானம். சுற்றிலும் சவுக்குக் கொம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். எங்களுக்கு மஞ்சள் ஜெர்சி, அவர்களுக்குப் பச்சை. ஆடுகிறவர்களுக்கு மட்டுமில்லை, முக்கியமான ஆட்களுக்கும் கிளப்பே ஜெர்சி கொடுக்கும். எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள், அன்றைக்கு அதைத்தான் போட்டிருந்தேன். டீமின் ஷூவெல்லாம் கிழிந்தால் தைப்பது, ஒட்டுவது நான்தான். ஒரு பையில் ஒட்டுகிற சொலூஷன் டப்பா, குத்தூசி, நைலான் நூல், லைட்டர் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன்.

முதல் பாதியிலேயே ரத்தம். எங்கள் பையன் ஒருவன் முழங்கையை வீச, அவர்களுடைய டிஃபெண்டர் முன்பல்லைக் கையில் துப்பிப் பார்த்தான். பதிலுக்கு அவர்கள் எங்கள் கேப்டனின் கெண்டைக்காலில் ஷூ அடியில் இருக்கிற ஸ்டட்டை வைத்து இழுத்தார்கள்; தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. ரெஃப்ரி விசில் ஊதி ஊதி வாய் உலர்ந்துபோனார். கோல் இல்லை. இடைவேளை.

அப்போது அவர்களுடைய ஃபார்வர்ட் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு கோட்டோரம் வந்தான். வலது ஷூவின் சோல் முன்பக்கம் பிளந்து நாக்கு மாதிரித் தொங்கியது. அவன் கால் பெரிய கால், அந்த அளவில் மாற்று ஷூ அவர்களிடம் இல்லை.

"ஷூ வேல தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்.

எங்கள் பக்கம் எவனைக் கேட்டாலும் ஷூ வேலை தெரியும். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எல்லோருடைய கண்ணும் அந்தச் சோலில்தான் இருந்தது. நம் ஊரில் ஆளைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தானே பார்ப்போம். கம்பெனி லைனில் வாய் பிளந்த ஷூ ஒன்று வந்துவிட்டால் அதை அடுத்தவனுக்குத் தள்ளக்கூடாது என்று எங்களைப் பழக்கியிருந்தார்கள். தள்ளினால் லைனே நிற்கும். என் கை தானாக நீண்டது.

"குடு இங்க."

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம் ஆச்சே."

"கழட்டுடா. நேரம் இல்ல."

மண்ணைச் சுரண்டி, இரண்டு பக்கமும் சொலூஷன் தடவி, லைட்டரில் சூடு காட்டி, முழங்காலில் வைத்து அழுத்தினேன். நுனியில் நூல் போட்டு இறுக்கினேன்.

"நிக்குமாண்ணே?"

"ஒட்டினது நான். உன் கால் பிச்சிக்கினாலும் சோல் பிச்சிக்காது."

பின்னால் ஒரு நிழல் விழுந்தது. கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிற என் தோஸ்த். தினமும் என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவன், கிளப்பில் பெரிய கை.

"இன்னா பண்ற?"

"ஒட்றேன்."

"யாருதுன்னு தெரியுதா?"

"தெரியுது."

அவன் என் சொலூஷன் டப்பாவைக் காலால் எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

இரண்டாம் பாதி முடியப்போகிற நேரத்தில் அந்த ஃபார்வர்ட் வலது காலால் அடித்தான். பந்து மாமாவின் விரல் நுனியில் உரசி உள்ளே போனது. அதோடு விசில்.

அத்தோடு விட்டிருந்தால்கூட என்னைத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அக்கரைக்காரர்கள் விடவில்லை. அவனைத் தோளில் தூக்கி, அந்த ஷூவைக் கழற்றி உயரப் பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கமாக வந்து பாட்டுக் கட்டினார்கள்.

"ஒட்டினது உன் ஆளு, அடிச்சது எங்க ஆளு!"

மைதானம் முழுக்க அதே சத்தம். எங்கள் ஆட்கள் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் அடி காதில் விழுந்தது. உள்ளங்கையால். அந்தக் காது அப்படியே அடைத்துக்கொண்டது, மறு காதில் எல்லாமே தூரத்துச் சத்தமாகக் கேட்டது. யாரோ இடுப்பில் உதைத்தான். குப்புற விழுந்தேன். ஸ்டட் வைத்த ஷூவோடு முதுகில் ஏறினார்கள். வாயில் மண்ணும் ரத்தமும். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கித் தரையில் மோதினான்; மூக்கு உடைந்தது அப்போதுதான். அடித்த எல்லோருடைய ஷூவும் எனக்குத் தெரியும். முகம் பார்க்காமலே யார் யாரென்று தெரிந்தது.

தோஸ்த் சவுக்குக் கொம்பு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

"எந்தக் கைடா ஒட்டிச்சு?"

நான் இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

"ரைட்டு கை தான் இவனுக்கு. புடிங்கடா."

இரண்டு பேர் என்னை இழுத்துப்போய், கொடிக்கம்பத்தைச் சுற்றியிருந்த சிமெண்டு மேடையில் என் வலது கையை நீட்டி வைத்து அழுத்தினார்கள். பிள்ளைகளா, அப்போது என் மனசில் மேட்ச் இல்லை, கிளப் இல்லை. இந்தக் கை போனால் லைனில் என் இடம் போகும், வீட்டில் உலை வைக்க முடியாது என்பது ஒன்றுதான் இருந்தது. கெஞ்சினேன். "டேய், கைய விட்டுடு, கால ஒட" என்று கெஞ்சினேன்.

கொம்பு மேலே போனது. அது இறங்குவதற்குள் என் மேல் ஏதோ பாரமாக விழுந்தது. மாமா. கையுறைகூடக் கழற்றாமல் ஓடிவந்து என் கை மேல் மார்பை வைத்துப் படுத்துவிட்டான். கொம்பு அவன் தோளில் இறங்கியது. கரும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

"நவுருடா" என்றான் தோஸ்த். "உன் மேல கோவம் இல்ல."

"கோல வுட்டது நானு. ஒடைக்கணும்னா என் கைய ஒட."

"நவுருன்னு சொல்றன்ல."

"மாட்டேன்." பிறகு என் காதருகே, "மாமா, கைய உள்ள இழுங்க" என்றான்.

இன்னும் ஒரு அடி அதே தோளில். நான் கையை இழுத்துக்கொண்டிருந்தபோது எவனோ ஓடிவந்து மிதித்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல் நொறுங்கியது. அது எனக்கு வலிக்கவில்லை. மாமா கத்தியது மட்டும் காதில் விழுந்தது. அடைத்திருந்த காது அந்தக் கத்தலில்தான் திறந்தது.

அதற்குள் அக்கரைக்காரர்கள் கல்லோடு உள்ளே வந்தார்கள். எங்களைக் காப்பாற்ற வந்தார்கள் என்று நினைக்காதீர்கள். நாங்கள் எங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வதைப் பார்த்து, இதுதான் சமயம் என்று வந்தார்கள். கொம்பு, கல், பெல்ட். இடுப்புப் பெல்ட்டின் பக்கிள் பட்டு ஒருவனின் கன்னம் கிழிந்து தொங்கியது. அந்த ஃபார்வர்ட் மட்டும் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக, "அந்த அண்ணன விடுங்கடா, விடுங்கடா" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். அவன் புருவத்தில் விழுந்த கல் அவனுடைய ஆட்களே எறிந்தது.

கடைசியில் ஒரே ஷேர் ஆட்டோவில் மூன்று பேரையும் அள்ளிப் போட்டார்கள். மாமா நடுவில், தோள் தொங்கிக்கொண்டு. ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவன். டிரைவர் கண்ணாடியில் மஞ்சளையும் பச்சையையும் பார்த்துவிட்டு, "வண்டிக்குள்ள சண்ட போட்டீங்க, ஹைவேல எறக்கி வுட்ருவேன்" என்றார்.

வண்டி ஹைவேயில் ஏறியது. பிறகு அந்தப் பையன் புருவத்தைப் பொத்திக்கொண்டே, "சோல் பிரியலண்ணே" என்றான்.

"வாய மூடுடா" என்றான் மாமா. இன்னும் கொஞ்சம் போனதும் அவனே கேட்டான். "எங்க பாத்து அடிச்ச? எனக்குக் கண்ணுலயே படல."

"செகண்ட் போஸ்ட்ட பாத்து."

"நல்ல அடி" என்றான் மாமா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவின் தோளில் பிளேட் வைத்தார்கள். இனிமேல் கீப்பராக நிற்க முடியாது என்று சொன்னபோது, "சரிங்க டாக்டர்" என்றான், சாப்பாடு வேண்டாம் என்பது போல. என் விரல்களைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். உங்கள் அம்மா, தன் தம்பியின் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் நின்று, "கிளப்பாம் கிளப்பு" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு வெகு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நீங்கள் கிளாஸ் என்கிறீர்களே, அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஜெயித்த அன்றைக்கு எல்லாக் கிளப்பும் கிளாஸ்தான். எதிராளியிடம் கை குலுக்குவதுகூடப் பெரிய விஷயமில்லை, டிவியில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். தோற்ற அன்றைக்குத் தன்னுடைய ஆளையே, தன் கோபத்துக்கு ஆளானவனையே, ஒரு கிளப் என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்தக் கணக்குப்படி எங்கள் கிளப்புக்கு அன்றைக்கு ஒரு துளி கிளாஸ் இல்லை. ஒரு ஆளிடம் மட்டும் இருந்தது. அந்த ஒரு ஆளும் எங்கள் கிளப்தான். இதை நான் பல நாள் புரட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு பக்கமாக முடிக்க முடியவில்லை.

கட்டோடு வீட்டில் இருந்தபோது அக்கரையிலிருந்து இரண்டு பெரியவர்கள் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். "எங்க பக்கம் வந்துடுங்க தம்பி. உங்கள அடிச்சவங்களோட இன்னா உறவு? நாங்க தலையில வெச்சுப் பாத்துக்கறோம்" என்றார்கள். டீ கொடுத்து அனுப்பினேன். பெற்ற வீட்டில் அடி வாங்கினவன் பக்கத்து வீட்டுக்கு மகனாகப் போக முடியாது. அந்தப் பாட்டைக் கட்டினவர்களில் அவர்களும்தானே நின்றிருப்பார்கள்.

மறுநாள் எங்கள் கிளப்பிலிருந்தும் ஆள் வந்தது. உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, "ஜெர்சிய திருப்பிக் குடுத்துட சொன்னாங்க. ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கறோம்" என்றான். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அது தோஸ்த்தின் வாய் என்று எனக்குத் தெரியும். "சொல்லிட்டேன்னு சொல்லு. குடுக்கறேன்னு சொல்லாத" என்றேன்.

அன்று மத்தியானம் உங்கள் அம்மா ஷிஃப்ட்டுக்குப் போயிருந்தாள். பெரியவள் பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஜெர்சியை எடுத்தேன். ரத்தம் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. என் ரத்தம் எது, மாமாவுடையது எது, அந்தப் பையனுடையது எது என்று தெரியவில்லை. பின்பக்கம் ஒரு சாண் கிழிசல். குழாயடியில் உட்கார்ந்து இடது கையால் சோப்புப் போட்டேன். மூன்று தண்ணீர் மாற்றியும் மஞ்சளில் பழுப்பு போகவில்லை. ஒரு கையால் பிழிய வராது, ஆகையால் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு மறு முனையை முறுக்கினேன். பிறகு, பின்கட்டில் கொடி இருந்தும் அங்கே போகாமல், வாசல் பக்கம் போனேன். ஜன்னல் கம்பிக்கும் மின்கம்பத்துக்கும் ஒரு கயிற்றைப் பல்லால் இழுத்துக் கட்டி, கிளப் பெயர் தெருவைப் பார்க்கிற மாதிரி ஜெர்சியைக் காயப்போட்டேன்.