றெஜினா அக்காவின் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள்

றெஜினா அக்காவின் அம்மாவுக்கும் தங்கைமாருக்கும்,

கும்பிட்டுக் கேட்கிறேன், இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இதிலுள்ளது வெளியே போனால் ஆபத்து எங்கள் அப்பாவுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மானிப்பாயிலிருந்து யாரோ ஒருவர் அந்த மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வேலிப் படலையைத் திறந்து உள்ளே வந்தார். அக்கா ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது செல் குண்டு விழுந்ததாம். "மோட்டச்சைக்கிளுக்கு ஒண்டுமில்லைத் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அழுதார். அந்த அழுகையிலேயே அக்கா இல்லை என்று விளங்கிவிட்டது.

நீங்கள் கடற்கரைக் குருநகரைவிட்டு இடம்பெயர்ந்து வந்து கோயிலில் தங்கியிருந்தபோது, அக்கா நீர்வேலியில் எங்கள் வாழைத்தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் மாட்டுக்கொட்டிலில் கறள் பிடித்துக் கிடந்தது. அதன் சீற்றில் ஒரு கோழி அடைகிடந்தது.

"அண்ணை, உது கோழிக்கூடோ, மோட்டச்சைக்கிளோ?"

"கோழிக்கூடுதான் பிள்ளை. பெற்றோலைத் தடை செய்துபோட்டாங்கள், எங்கை போறது?"

"எங்கடை போட் எஞ்சின் மண்ணெண்ணெய் குடிச்சுத்தானே ஓடினது. உதுக்கென்ன வாய் கோணலோ?"

அப்பா சிரித்து, "எடுத்துச் செய் பார்ப்பம்" என்றார். ஆனால் அக்கா உடனே தொடவில்லை. "பிள்ளைத்தாச்சியை எழுப்பக்கூடாது" என்று, கோழி குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்தார்.

சாமான் வாங்க ஒருவரிடமும் வழியில்லை. புகைக்குழாயின் ஓட்டையை பால்மாப் பேணித் தகரத்தால் அடைத்தார். பின் சீற்றைப் பனம்பலகை வைத்து நீட்டி, தும்பு அடைத்துச் சாக்கால் தைத்தார். ஊரில் வேறு வாகனம் ஓடாததால், ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் நோயாளி சாய்ந்திருக்க உடைந்த கதிரையின் முதுகைப் பொருத்தினார். உங்கள் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தைப் பூசினார். ஹாண்டிலில் ஒரு சேலைன் போத்தல் தொங்கியது. அதிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். பிறகு மண்ணெண்ணெயில் ஓடும்.

முன்வீட்டு மாமா வேலியால் எட்டிப் பார்த்தார். "கடலுக்கை ஓடினவளுக்கு றோட்டு விளங்குமே?"

"கடல்லை எஞ்சின் நிண்டால் நீந்தவேணும் மாமா. றோட்டிலை நிண்டால் தள்ளினால் போதும். நீங்களும் ஒரு கை தருவியள்தானே?"

அடுத்த நாளே அது அவருடைய படலையடியில் நின்றுபோனது. மாமாதான் தள்ளினார்.

தம்பி பிறந்த விடியற்காலையை நான் மறக்கமாட்டேன். அக்கா ஓட்ட, அம்மா நடுவில், அம்மாவைப் பிடித்தபடி நான் பின்னால். ஒவ்வொரு குழிக்கும் அம்மா பல்லைக் கடித்தார்.

"அடக்காதேங்கோ அக்கா, நல்லாக் கத்துங்கோ! ஹோர்ன் வேலை செய்யேல்லை" என்றார் றெஜினா அக்கா. அந்த வேதனையிலும் அம்மா சிரித்துவிட்டார். பிந்தியிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தம்பி இப்போது தவழ்கிறான். உங்கள் மகள் எங்களுக்குத் தந்தவன் அவன்.

நேற்று இயக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து மோட்டார் சைக்கிளைத் தங்களுக்குத் தரச்சொல்லிக் கேட்டார்கள். "அது ஸ்ராட் வராது தம்பியவை" என்றார் அப்பா. அவர்கள் மாறி மாறி உதைத்தார்கள். வரவில்லை. "மெக்கானிக்கோடை வாறம்" என்று சொல்லிப் போனார்கள். அப்பாவே திகைத்துப்போய் நின்றார், ஏனென்றால் அது ஸ்ராட் வரும் என்று அவருக்குத் தெரியும்.

மண்ணெண்ணெயில் ஓடினால், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளக் கரிபிடிக்கும். அக்கா தினமும் கழற்றித் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாகனம் தேடுவதாகக் கேள்விப்பட்டு, அவர்கள் வருமுன்னரே, அக்கா எறிந்த செத்த பிளக்கை அப்பாவுக்கும் சொல்லாமல் மாட்டிவிட்டு, நல்லதை நான் எடுத்துவிட்டேன். பக்கத்து வளவுச் சாந்தி அக்காவுக்கு இந்தக் கிழமை பிள்ளை பிறக்கவேண்டும். றெஜினா அக்கா இல்லாதபடியால் அப்பா ஏற்றிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு வாகனம் இல்லை.

றெஜினா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது, முகம் துடைக்கும் லேஞ்சியில் சுற்றிய இந்த நல்ல பிளக்தான். எழுதும்போதும் மடியில் இருக்கிறது. ஜாம் போத்தல் விளக்கும் அதுவும் ஒரே எண்ணெய் மணக்கின்றன. அவருடைய துணிவு எனக்கு வரவில்லை. ஆனாலும் இதை அவர்களிடம் கொடுக்க

கதவைத் தட்டுகிறார்கள். சாந்தி அக்காவின் மாமியார் என்றால் ஓடிப்போய்ப் பிளக்கை அப்பாவின் கையில் கொடுப்பேன். மெக்கானிக்கோடு அவர்கள் என்றால்