தெரேசா அக்காவின் ஏழு கோழிகள்

எங்கள் லேனில் இருபத்திரண்டு வீடுகள். கண்டியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். எல்லாரும் படித்தவர்கள், உத்தியோகத்தர்கள், ஞாயிற்றுக்கிழமை வாசலில் காரைக் கழுவுகிறவர்கள். நானும் அவர்களில் ஒருவன்தான், பள்ளிக்கூட வாத்தியார். இந்த லேனை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

தெரேசா அக்கா ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். கன்னியாஸ்திரிகளின் விடுதியில் முப்பது வருஷம் சமைத்துவிட்டு, லேனின் கடைசியில் ஆறு பேர்ச் அளவில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினார். கணவர் கபிரியேல் இறந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு ஏழு கோழிகள்தான். சத்தம் போடும் என்று சேவலே வளர்ப்பதில்லை. கூட்டைத் தினமும் கூட்டிச் சாம்பல் தூவுவார். லேனில் யாருக்கு இருமல், எவள் பிள்ளை பெற்றாள் என்றாலும் அக்கா வீட்டு முட்டைதான் போகும். காசு கொடுத்தால் வாங்கமாட்டார். தின்றவர்கள் ஒரு நாள் தனக்காக வாய் திறப்பார்கள் என்று நம்பினார். அதுதான் அவர் செய்த பிழை.

பக்கத்து வீட்டு சிவமணி வங்கி மனேஜர். கோழி நாறுகிறது என்று பிரதேச சபைக்கு எழுதிப்போட்டார். நாறுவது எது தெரியுமா? அவர் வீட்டிலிருந்து லேன் முடக்கில் எறிகிற மீன்குடலும் ஊசிப்போன சோறும். நாய் பிய்த்துப் போட்டதை மூக்கைப் பொத்திக்கொண்டு எத்தனை நாள் தாண்டியிருக்கிறேன்! ஆனால் வந்த பரிசோதகர் கோழிக்கூட்டைத்தான் அளந்தார். அடுத்த வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி இருக்க வேண்டுமாம். அக்காவின் காணி அகலமே முப்பது அடி வராது. ஒரு மாதத்துக்குள் கோழிகளை அகற்றச் சொல்லிக் கடிதம் வந்தது.

அழுவார் என்று நினைத்தேன். நேரே என்னிடம் வந்தார்.

"சேர், சட்டத்த மாத்தச் சொல்லி ஒரு மனு எழுதித் தாங்க. ஆறு கோழி வரைக்கும் வளர்க்கலாம், சேவல் கூடாது, கூடு மூடியிருக்கணும், நாறினா தண்டம் கட்டணும்னு போடுங்க. எனக்கு மட்டும் கேக்கல. சின்னக் காணி வச்சிருக்கிற எல்லாருக்கும்தான்."

ஏழில் ஒன்றைக் குறைக்கவும் தயாராக இருந்தார். எழுதிக் கொடுத்தேன். லேனில் பாதி வீடு கையெழுத்து வைத்தால் கூட்டத்தில் எடுக்கிறோம் என்றார்கள் சபையில்.

பாதி என்றால் பதினொன்று. அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். யோசித்துச் சொல்கிறோம் என்றது ஒரு வீடு. அவர் வீட்டில் இல்லை என்றது இன்னொன்று. சிவமணியோடு எதற்கு வம்பு என்றது மற்றது. எல்லாம் அந்த முட்டை தின்ற வாய்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற நான் என்ன செய்தேன்? "அரசாங்க உத்தியோகம், அக்கா" என்று நழுவினேன். சீ! கிடைத்தது நாலே நாலு கையெழுத்து.

கெடு முடிந்த வெள்ளிக்கிழமை கெலிஓயாவில் கோழி வளர்க்கிற சாஹுல் ஹமீது வேனில் வந்தார். அறுக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணி ஏழையும் கொண்டுபோனார். அக்கா வெறுங்கூட்டைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து அக்கா வந்திருப்பார் என்று பார்க்கப் போனேன். வாசலில் சிவமணியின் மனைவி றஞ்சனா கிண்ணத்தோடு நின்றார்.

"அக்கா, மகள் பெரிசாயிட்டாள். நல்லெண்ணெயோட பச்சை முட்டை குடுக்கவேணும். கடை முட்டை சரிவராது, ஊர்க்கோழி முட்டைதான் வேணுமெண்டு மாமி ஒற்றைக்காலில நிக்கிறா. நாலைஞ்சு இருக்குமோ?"

கோழியை விரட்டிய வீட்டிலிருந்து கிண்ணம்! புருஷனையே முட்டையிடச் சொல்லுங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது.

அக்கா உள்ளே போய், கோழிகள் கடைசியாக இட்ட ஐந்து முட்டைகளையும் கொண்டுவந்து கிண்ணத்தில் வைத்தார்.

"புள்ளைக்குக் குடுங்க. அது என்ன செஞ்சிச்சு?" பிறகு மனுவையும் பேனையையும் நீட்டினார். "கோழி போயிருச்சு. சட்டம் அப்படியேதானே இருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

றஞ்சனா கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இவரைக் கேட்டுச் சொல்லுறன், அக்கா." போய்விட்டார்.

நீட்டிய பேனை நீட்டியபடியே இருந்தது. அன்று காலை நான் தின்ற பொரித்த முட்டையும் அக்கா தந்ததுதான். பேனையை வாங்கி ஐந்தாவதாக என் பெயரை எழுதினேன்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். "இன்னும் ஆறு வேணும், சேர்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.