சங்கு இல்லாத பாட்டு

ஆம்பூர் ரயில்வே கேட்டில் ஷூ கம்பெனி பஸ் ஒன்று நின்றிருந்தபோதுதான் அந்தப் பாட்டு கிடைத்தது. பஸ்ஸுக்குள் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். மடியில் கிடந்த செல்போன்களில் ரீல்ஸ் தன்பாட்டுக்கு ஓடியது. பைக்கில் என் பின்னால் இருந்தவன் எங்கள் பேண்டின் பாடகன். "தோஸ்த், ஆளு தூங்குது, போன் முழிச்சிக்கினு இருக்கு பாரு" என்றான். கேட் திறப்பதற்குள் பல்லவி வந்துவிட்டது.

நான் கிதார். டிரம்ஸ் அடிப்பவன் குடியாத்தத்துக்காரன். பாடகனுக்கு எத்தியோப்பியாவில் ஷூ கம்பெனி வேலை உறுதியாகியிருந்ததால், விசா வருவதற்குள் பதிவு செய்தாக வேண்டும். அவன் மாமாவின் தோல் குடோனைக் கேட்டு வாங்கினோம். சுற்றிலும் தோல் அடுக்கியிருந்தால் எதிரொலி இருக்காது என்று கண்டுபிடித்ததில் எங்களுக்கு ஏகப் பெருமை.

எதிரொலி இல்லைதான். ஆனால் வெளியே ஊர் இருந்ததே! சரணம் உச்சத்துக்குப் போகும்போது கம்பெனிச் சங்கு ஊதும், இல்லையென்றால் ரயில் போகும். பாடகனுக்கு இங்கேயும் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. லேசான கீறலுக்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஷூவைத் தள்ளிவைத்துப் பழகியவன். ஹெட்போனைக் கழற்றி, "சங்கு கேக்குது. ரிஜெக்ட். அழிச்சுடு" என்பான்.

"பாட்டே கம்பெனியப் பத்திதானடா, சங்கு இருந்தா இன்னா?" என்றான் டிரம்ஸ்காரன்.

அழித்தோம். ஒரு தடவை பாடகன் சங்கோடு சேர்ந்து சுருதியை இழுத்து, சிரித்துக்கொண்டே வரியை முடித்திருந்தான். அதையும் அழித்தோம். அதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, எந்தச் சத்தமும் குறுக்கே வராமல் முழுப்பாட்டும் பதிவானது. ஜாக்கிரதையாகப் பாடியிருந்தான். தலையாட்டினான். அடுத்த வாரம் எத்தியோப்பியாவுக்குப் போய்விட்டான்.

பாட்டை வெளியிட்டோம். அதே கம்பெனி பஸ்ஸில் போகும் பக்கத்து வீட்டு அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு. யாரு, மெட்ராஸ் பசங்களா?" என்றாள்.

போன வாரம் பாடகன் அங்கிருந்து பேசினான். பின்னால் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சத்தமாக இருக்கிறது, வெளியே போய்க் கூப்பிடுகிறேன் என்றான். அங்கேயே நில்லுடா என்றேன். தையல் லைன் ஓடும்போதே போனில் பாடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இங்கே ரயில்வே கேட் பக்கம் போய், காலைச் சங்கை நாங்கள் மைக்கில் பிடிக்கப்போகிறோம். இந்தத் தடவை செக்கிங் டிரம்ஸ்காரனுடையது.